சரித்திரம் எழுதுவது யார் வேலை?



பினாங்குத் தீவுக்குப் போனவர்கள் அங்கே கடற்கரையோரம் இருக்கும் கார்ன்வாலிஸ் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். பழைய பீரங்கிகள் கடலைப் பார்த்தபடி நிற்கும். பிரான்சிஸ் லைட் 1786ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் அத்தீவைக் கைப்பற்றிய பிறகு எழுந்த கோட்டை அது. அதே 1786இல்தான் கார்ன்வாலிஸ் பிரபு கம்பெனியின் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்து சேர்ந்தார். அவர் பெயரையே கோட்டைக்கு வைத்தார்கள்.

அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் அந்தக் கார்ன்வாலிஸ் எங்கே இருந்தார் தெரியுமா? அமெரிக்காவில், யார்க்டவுன் என்னும் ஊரில், தம் படையோடு சரணடைந்து நின்றார். பிரிட்டிஷ் அரசுக்கு எதிராக அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் பதின்மூன்றும் நடத்திய விடுதலைப் போர், 1781இல் நடந்த அந்தச் சரணாகதியோடு ஏறக்குறைய முடிவுக்கு வந்தது.

அந்தப் போரின் வரலாற்றை முதன்முதலில் எழுதிய சிலருள் ஒருவர் பெண்மணி. அவர் ஐந்து ஆண்பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். ஓர் அரசாங்க உத்தியோகஸ்தரின் மனைவி. பள்ளிக்கூடத்திலோ கல்லூரியிலோ ஒரு நாளும் மாணவியாக உட்காராதவர். அவர் பெயர் மெர்சி ஓட்டிஸ் வாரன். அவருடைய கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

மாசசூசெட்ஸ் என்பது அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள ஒரு மாநிலம். அன்று அது பிரிட்டிஷ் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்ட குடியேற்ற நாடு. அங்கே பார்ன்ஸ்டபிள் என்னும் கடலோர ஊரில் 1728ஆம் ஆண்டு மெர்சி பிறந்தார். அவருடைய தாய் பெற்றது பதின்மூன்று பிள்ளைகள். அவர்களில் மெர்சி மூன்றாவது. பெண்பிள்ளைகளில் அவரே மூத்தவர். ஒரு வீட்டில் மூத்த பெண்ணாகப் பிறப்பது என்றால் என்னவென்று தோட்டப்புறத்துத் தாய்மார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பின்னால் பிறக்கிற தம்பி தங்கைகளுக்கு அவளே பாதித் தாய்!

தந்தையார் நிலம் வைத்திருந்தார், வியாபாரம் செய்தார், வழக்கறிஞராகவும் இருந்தார். ஆனால் கல்லூரிப் படிப்பு தமக்கு வாய்க்கவில்லையே என்ற குறை அவர் மனத்தில் இருந்துகொண்டே இருந்தது. தம் பிள்ளைகளாவது ஹார்வர்டு கல்லூரிக்குப் போகவேண்டும் என்று விரும்பினார். அதற்காக மாமன் முறையுள்ள ஒரு பாதிரியாரிடம் பாடம் சொல்லிக்கொள்ள அனுப்பினார். பிள்ளைகள் என்றால் ஆண்பிள்ளைகள்! பெண்களுக்கு ஹார்வர்டின் கதவு திறக்காத காலம் அது.

மூத்த மகன் ஜேம்ஸ் ஆர்வமாகப் படித்தான். இரண்டாவது மகன் ஜோசப்புக்குப் படிப்பில் நாட்டம் இல்லை. அவன் விட்ட இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தில் மெர்சி போய் உட்கார்ந்தார். பாதிரியார் தடுக்கவில்லை, தந்தையும் தடுக்கவில்லை. இலத்தீன், கிரேக்க மொழிப் பாடங்கள் மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. மற்றவற்றை அண்ணனோடு சேர்ந்தே கற்றார். பழங்கால ரோமாபுரியின் கதைகளையும், இங்கிலாந்தின் வால்டர் ராலே எழுதிய உலக வரலாற்றையும் படித்தார். அண்ணன் வேண்டாமென்று விட்ட பாடப்புத்தகத்தைத் தங்கை எடுத்துப் படிக்கிற காட்சி நம் லயத்து வீடுகளிலும் நடந்ததுதான். மெர்சி வீட்டில் அந்தப் புத்தகத்தைப் பிடுங்கி வைக்க யாரும் வரவில்லை. அவருடைய வாழ்க்கை திரும்பியது அந்த இடத்தில்தான்.

1754ஆம் ஆண்டு அவருக்குத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை பிளிமத் ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் வாரன். அண்ணன் படித்த அதே ஹார்வர்டில் படித்தவர். நேயர்கள் இங்கே சற்றுக் கவனிக்க வேண்டும். மெர்சியின் தந்தை பெயர் ஜேம்ஸ். அண்ணன் பெயர் ஜேம்ஸ். கணவர் பெயரும் ஜேம்ஸ். பிறகு தலைமகனுக்கும் அதே பெயரைத்தான் வைத்தார்கள்! குழப்பம் வராமல் இருக்க அண்ணனை ஓட்டிஸ் என்றும், கணவரை வாரன் என்றும் சொல்லிக்கொள்வோம்.

வாரன் தம் தந்தை இறந்த பிறகு, 1757இல், பிளிமத் மாவட்டத்தின் ஷெரிப் பதவிக்கு வந்தார். நீதிமன்றத்தின் ஆணைகளை நிறைவேற்றுவது, மாவட்டத்தில் ஒழுங்கைக் காப்பது அந்தப் பதவியின் பொறுப்பு. சுருங்கச் சொன்னால் மன்னரின் அரசாங்கத்துக்காக வேலை செய்யும் உத்தியோகம். 1766இல் அவர் சட்டமன்றத்திற்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். இதற்கிடையில் 1757க்கும் 1766க்கும் நடுவே மெர்சி ஐந்து மகன்களைப் பெற்றார். வீட்டு நிர்வாகம், பிள்ளைகளின் படிப்பு, விருந்தினர் வரவேற்பு எல்லாம் அவர் கையில்.

நாற்பது வயதை நெருங்கும் வரை அவர் ஊர் அறிந்த எழுத்தாளர் அல்லர். பிறகு ஏன் பேனாவை எடுத்தார்? அதற்குக் காரணம் அண்ணன்.

ஓட்டிஸ் பாஸ்டன் நகரில் பேர்பெற்ற வழக்கறிஞர். சுங்க அதிகாரிகள் விரும்பிய வீட்டுக்குள் புகுந்து கடத்தல் சரக்கைத் தேடலாம் என்று அவர்களுக்குப் பொது ஆணைகள் கொடுக்கப்பட்டிருந்தன. அது சட்டத்துக்கு மாறானது என்று 1761இல் நீதிமன்றத்தில் அவர் மணிக்கணக்கில் வாதாடினார். வழக்கில் வெற்றி கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு நாட்டை விழிக்க வைத்தது. அன்று நீதிமன்றத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்த இளம் வழக்கறிஞர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஜான் ஆடம்ஸ். பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது அதிபரானவர் அவர்தான். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1769ஆம் ஆண்டு ஒரு காப்பிக் கடையில் சுங்க அதிகாரி ஒருவரோடு ஓட்டிஸுக்குக் கைகலப்பு ஏற்பட்டது. தலையில் பலத்த அடி. ஏற்கெனவே தளர்ந்துகொண்டிருந்த மனம் அதற்குப் பிறகு நிலைகொள்ளவில்லை. நாடே கேட்ட அந்தக் குரல் மெல்ல மெல்ல அடங்கிப் போயிற்று. அண்ணன் பேச முடியாமல் போன பின்னர்தான் தங்கை எழுதத் தொடங்கினார்.

1772இல் பாஸ்டன் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் ஒரு நாடகம் வெளிவந்தது. செர்வியா என்னும் நாட்டை ராப்பாட்டியோ என்ற கொடியவன் ஆள்வதாகக் கதை. பெயர்தான் கற்பனை. படித்தவர்களுக்கு ஆள் யாரென்று உடனே புரிந்துவிட்டது. மாசசூசெட்ஸின் கவர்னர் தாமஸ் ஹட்சின்சனைத்தான் அப்படிக் காட்டியிருந்தார்கள். 1773இல் இன்னொரு நாடகமும், 1775இல் மற்றொரு நாடகமும் வந்தன. எதிலும் ஆசிரியர் பெயர் இல்லை. எப்படிப் போட முடியும்? கணவர் மன்னரின் உத்தியோகஸ்தர். எழுதியவரோ பெண். இரண்டில் எது தெரிந்தாலும் ஆபத்துதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மெர்சியின் தந்தை எதிர்பார்த்திருந்த தலைமை நீதிபதி பதவி 1760இல் ஹட்சின்சனுக்குப் போய்விட்டது. அந்தக் குடும்பப் பகையும் அவர் பேனாவில் கொஞ்சம் கலந்திருந்தது. எழுதுகிறவர்களும் மனிதர்கள்தாமே!

இனித் தேயிலைக்கு வருவோம். தேயிலை என்றால் நம் மக்களுக்கு மலையும், கொழுந்துக் கூடையும், மழையும் நினைவுக்கு வரும். ஆனால் அந்தக் காலத்தில் இந்தியாவிலோ இலங்கையிலோ தேயிலைத் தோட்டங்கள் இல்லை. கேமரன் மலையில் தேயிலை பயிரானதும் 1929க்குப் பிறகுதான். அன்று கிழக்கிந்தியக் கம்பெனி விற்றது சீனத் தேயிலை. கம்பெனியின் கிடங்குகளில் அது மலையாய்க் குவிந்து கிடந்தது. அதை அமெரிக்காவில் நேராகக் கொண்டுபோய் விற்பதற்கு 1773இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் கம்பெனிக்குச் சலுகை கொடுத்தது. விலை குறைந்தது, ஆனால் தேயிலை மீதிருந்த வரி அப்படியே நின்றது. எங்கள் பிரதிநிதிகள் உட்காராத பாராளுமன்றம் எங்கள்மீது எப்படி வரி போடலாம் என்று மக்கள் கேட்டார்கள். 1773 டிசம்பர் 16ஆம் தேதி இரவு, பாஸ்டன் துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் ஏறி, சுமார் 340 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள்.

இதைப் பற்றி ஒரு கவிதை எழுதித் தாருங்கள் என்று மெர்சியைக் கேட்டவர் ஜான் ஆடம்ஸ். கடற்கன்னியர் தேயிலைக்காகச் சச்சரவு செய்வது போல வேடிக்கையாக அவர் எழுதிக் கொடுத்தார். அது 1774இல் பத்திரிகையில் வெளிவந்தது. ஆடம்ஸும் அவர் மனைவி அபிகெயிலும் வாரன் குடும்பத்தின் நெருங்கிய நண்பர்கள். இரு பெண்களுக்கும் இடையே அடிக்கடி கடிதங்கள் போய்வரும்.

1775இல் மெர்சிக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவ்வளவு காரமாகக் கிண்டல் எழுதுவது ஒரு பெண்ணுக்குத் தகுமா என்று ஆடம்ஸிடம் கருத்துக் கேட்டார். ஆடம்ஸ் என்ன பதில் சொன்னார்? ஆண்டவன் கொடுத்த இத்தகைய திறமையை நாட்டுக்குப் பயன்படுத்தாமல் விடுவதே குற்றமாகும் என்ற கருத்தில் வாரனுக்கு எழுதினார். இந்தப் பதிலையும் மறந்துவிடாதீர்கள். பின்னால் இது வேண்டியிருக்கும்.

1775இல் போர் மூண்டது. மன்னருடைய உத்தியோகத்தில் இருந்த வாரன் இப்போது மன்னருக்கு எதிரான அணியின் முன்வரிசையில் நின்றார். மாசசூசெட்ஸ் மக்கள் அமைத்த மாநிலக் காங்கிரசுக்குத் தலைவரானார். ஜெனரல் வாஷிங்டனின் படைக்குச் சம்பளம் வழங்கும் தலைமை அதிகாரியாகவும் சிறிது காலம் இருந்தார். பின்னர்க் கடற்படை வாரியத்தில் பணி செய்தார். பெரிய பதவிகள் சிலவற்றை வேண்டாமென்று மறுத்ததும் உண்டு. வீட்டை விட்டுத் தூரப் போவதை மனைவி விரும்பவில்லை, அவரும் விரும்பவில்லை.

கணவர் வெளியூரில் இருந்த நாட்களில் மெர்சி பிளிமத்தில் பிள்ளைகளோடு தனியாக இருந்தார். பிரிட்டிஷ் கப்பல்கள் எப்போது கரைக்கு வருமோ என்ற பயம். கடிதம் வந்தால்தான் உயிர் வரும். சில வேளை கணவர் இருந்த ஊருக்கே போய், கடிதப் போக்குவரத்தில் அவருக்கு உதவினார். தளபதிகளையும் தலைவர்களையும் நேரில் கண்டார். அவர்கள் பேசுவதைக் கேட்டார். கேட்டதைக் குறித்து வைத்தார்.

சாதாரண மனைவிமார் பலரும் செய்யாத ஒரு காரியத்தை அவர் செய்தார். தமக்கு வந்த கடிதங்களைப் பத்திரப்படுத்தினார். தாம் எழுதியவற்றுக்கும் நகல் வைத்துக்கொண்டார். உங்களுக்குத் தெரிந்ததை எழுதி அனுப்புங்கள், அங்கே நடந்தது என்ன, கூட்டத்தில் யார் என்ன சொன்னார் என்று நண்பர்களைக் கேட்டுக்கொண்டே இருந்தார். இங்கிலாந்தில் கேதரின் மெக்காலே என்ற பெண்மணி தம் நாட்டு வரலாற்றைப் பல பாகங்களாக எழுதிப் புகழ்பெற்றிருந்தார். அவரோடும் மெர்சிக்குக் கடிதத் தொடர்பு இருந்தது. கடல் கடந்து ஒரு பெண் சரித்திரம் எழுதுகிறார். நாம் ஏன் எழுதக் கூடாது என்ற எண்ணம் மெர்சிக்கு வந்ததில் வியப்பில்லை.

போர் முடியும் தறுவாயில் ஒரு விந்தை நடந்தது. நாடகத்தில் ராப்பாட்டியோவாக வந்த கவர்னர் ஹட்சின்சன் 1774இலேயே இங்கிலாந்துக்குப் போய்விட்டார். மில்டன் என்னும் ஊரில் அவர் விட்டுச் சென்ற அழகான மாளிகையை 1781இல் வாரன் குடும்பம் வாங்கிக் குடியேறியது! எந்த மனிதரை அம்மையார் பேனாவால் சாடினாரோ அவர் வீட்டுச் சாளரத்தின் அருகிலேயே உட்கார்ந்து எழுதும் காலம் வந்தது.

ஆனால் அந்த வீடு அவருக்கு மகிழ்ச்சியைத் தரவில்லை. தலைமகன் ஜேம்ஸ் கடற்போரில் காயமுற்று ஒரு காலை இழந்தான். 1783இல் அண்ணன் ஓட்டிஸ் இடி விழுந்து இறந்தார். மகன் சார்லஸ் காசநோயால் இளைத்து, இதமான தட்பவெப்பத்தை நாடிக் கப்பலேறிப் போனவன், 1785இல் ஸ்பெயின் நாட்டில் கண்மூடினான். தாயின் செல்லப் பிள்ளையான வின்ஸ்லோ கடனில் சிக்கினான். கடைசியில் பட்டாளத்தில் சேர்ந்தான். செவ்விந்தியப் பழங்குடி மக்களின் நிலத்துக்குள் அமெரிக்கப் படை நுழைந்தபோது, 1791இல், அந்தப் போரில் மாண்டான். 1800இல் மற்றொரு மகன் ஜார்ஜும் இறந்தான். ஐந்தில் மூன்று பிள்ளைகளைத் தாய் பறிகொடுத்தார்.

கணவரின் செல்வாக்கும் இறங்கிவிட்டது. 1786இல் கடன் சுமையைத் தாங்காத விவசாயிகள் மாசசூசெட்ஸில் கலகம் செய்தபோது, வாரன் அவர்கள் பக்கம் இரக்கம் காட்டுகிறார் என்று பழைய நண்பர்கள் சந்தேகப்பட்டார்கள். 1788இல் மில்டன் மாளிகையை விட்டுப் பிளிமத் வீட்டுக்கே குடும்பம் திரும்பியது.

அந்த ஆண்டிலேதான் மெர்சி இன்னொரு துணிச்சலான காரியம் செய்தார். புதிய நாட்டுக்கு அரசியல் சட்டம் வகுத்திருந்தார்கள். நாட்டின் பெரிய தலைவர்கள் பலர் அதை ஆதரித்தார்கள். அம்மையாரோ புனைபெயரில் ஒரு சிறு நூல் எழுதி அதை எதிர்த்தார். பத்திரிகைச் சுதந்திரத்துக்கு உறுதி எங்கே? மக்களின் உரிமைகளைச் சொல்லும் பட்டியல் எங்கே? இவைதாம் அவர் எழுப்பிய கேள்விகள். அவரைப் போலவே வேறு பலரும் கேட்டார்கள். 1791இல் அந்த உரிமைகள் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்டன. அந்த நூலை எழுதியவர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி என்ற அரசியல்வாதி என்றே நெடுங்காலம் எல்லாரும் நம்பினார்கள். மெர்சியின் வழிவந்த ஒருவர் பழைய கடிதம் ஒன்றை 1930களில் எடுத்துக்காட்டிய பிறகுதான் உண்மை வெளிப்பட்டது. கடிதங்களைக் காப்பாற்றி வைத்ததன் பயனைப் பாருங்கள்!

1790இல் முதன்முறையாகத் தம் சொந்தப் பெயரில் ஒரு கவிதை, நாடகத் தொகுப்பை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 60க்கு மேல். 1805இல் அவருடைய பெரிய நூல் வந்தது. அமெரிக்கப் புரட்சி எழுந்தது, வளர்ந்தது, முடிந்தது ஆகியவற்றின் வரலாறு அது. மூன்று பாகங்கள், 31 அத்தியாயங்கள். முகப்பில் திருமதி மெர்சி வாரன் என்று பெயர். வயது 76ஐத் தாண்டிவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் சிறுகச் சிறுகச் சேர்த்து எழுதியது. கண்பார்வை மங்கியபோது அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தவன், போரில் காலை இழந்த அந்த மூத்த மகன்.

அன்றைய அதிபர் தாமஸ் ஜெபர்சன் தமக்கும் தம் அமைச்சர்களுக்கும் பிரதிகள் கேட்டு வாங்கினார். ஆனால் பொதுமக்களிடையே நூல் அவ்வளவாக விற்கவில்லை. அதற்குள் வேறு சிலரும் எழுதிவிட்டார்கள். தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் எழுதிய வாஷிங்டன் வரலாறும் அதே சமயத்தில் வந்துகொண்டிருந்தது.

விற்பனையைவிடப் பெரிய துன்பம் ஒன்று 1807இல் வந்தது. அதை அனுப்பியவர் பழைய நண்பர் ஜான் ஆடம்ஸ்.

ஆடம்ஸ் 1797 முதல் 1801 வரை அதிபராக இருந்து, மறுதேர்தலில் தோற்று, ஓய்வில் இருந்தார். நூலில் தம்மைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தார். அவருடைய அறிவையும் தொண்டையும் மெர்சி ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய கோபதாபங்கள் சில வேளைகளில் அவருடைய அறிவை மீறிவிட்டன என்றும், ஐரோப்பாவில் இருந்துவிட்டு வந்தபின் முடியாட்சி முறையில் அவருக்கு நாட்டம் ஏற்பட்டது என்றும் எழுதியிருந்தார். ஆடம்ஸ் கொதித்துப்போனார். ஒன்றரை மாதத்துக்குள் அவர் எழுதிய கண்டனக் கடிதங்கள் பத்து! ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் காரம்.

வேறொருவராக இருந்தால் பயந்திருப்பார். ஒரு முன்னாள் அதிபர் கோபிக்கிறார். மெர்சிக்கோ கிட்டத்தட்ட 79 வயது. கணவர் மூப்பில் தளர்ந்திருக்கிறார். ஆனாலும் அவர் ஆறு கடிதங்களில் பதில் எழுதினார். எழுதியதை மாற்றிக்கொள்ளவில்லை. இப்படி வசைபாடுவது நூலில் சொன்னதையே மெய்ப்பிக்கிறது என்ற தொனியில் எழுதிக் கடிதப் போக்குவரத்தை முடித்தார். முப்பது ஆண்டுக்கும் மேற்பட்ட நட்பு முறிந்தது.

யார் பக்கம் நியாயம்? ஒரு பக்கமாகச் சொல்லிவிட முடியாது. 1789இல் ஆடம்ஸ் துணை அதிபரானபோது, தம் குடும்பத்தாருக்கு உத்தியோகம் கிடைக்க உதவும்படி மெர்சி எழுதினார். அதை ஆடம்ஸ் கண்டிப்பாக மறுத்துவிட்டார். அந்த வருத்தம் நூலில் ஒரு சொல்லையாவது கூட்டியிருக்கலாம். ஆடம்ஸ் அப்படித்தான் நினைத்தார். ஆனால் நண்பரைப் புகழ்ந்து நாலு வரி எழுதிவிட்டு நிம்மதியாக இருந்திருக்க மெர்சியால் முடியும். தாம் கண்டதைக் கண்டபடி எழுதியதற்கு அவர் கொடுத்த விலை ஒரு நட்பு.

1808இல் வாரன் காலமானார். ஐம்பத்து நான்கு ஆண்டு இல்லறம் முடிந்தது. பிறகு 1812இல், அரசியல் சட்டத்தை எதிர்த்த நூலை எழுதியதாகத் தவறாக நம்பப்பட்ட அதே எல்பிரிட்ஜ் ஜெர்ரி, இரு வீட்டாருக்கும் நடுவே தூது போனார். பழைய நட்பு மெல்லத் துளிர்த்தது. அந்தக் கால வழக்கப்படி தலைமுடி வைத்த நினைவுப் பொருள்களைப் பரிமாறிக்கொண்டார்கள்.

ஆனாலும் ஆடம்ஸின் மனப்புண் முழுதும் ஆறவில்லை. சரித்திரம் பெண்களுக்குரிய துறை அன்று என்ற பொருளில் 1813இல் அவர் ஜெர்ரிக்கு எழுதினார். 1775இல் என்ன சொன்னார் என்பதை நினைத்துப் பாருங்கள். திறமையைப் பயன்படுத்தாமல் இருப்பது குற்றம் என்றார் அல்லவா? மெர்சி தம் எதிரிகளைப் பற்றி எழுதியபோது அது ஆண்டவன் கொடுத்த திறமை. தம்மைப் பற்றி எழுதியபோது அது பெண்களுக்கு ஆகாத வேலை! ஆடம்ஸ் கெட்டவர் அல்லர். நாட்டுக்கு உழைத்த நேர்மையாளர். நேர்மையாளருக்கும் கண்ணாடி கசக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கதையின் கடைசிக் காட்சியும் ஆடம்ஸோடுதான். பெயரில்லாமல் 1775இல் வெளிவந்த நாடகத்தை வேறொருவர் எழுதியதாக 1814இல் பேச்சு எழுந்தது. 85 வயதைத் தாண்டிய மெர்சி, உண்மையை அறிந்தவர் நீங்கள், சாட்சி சொல்லுங்கள் என்று ஆடம்ஸுக்கு எழுதினார். முதியவர் ஆடம்ஸ் பாஸ்டனில் இருந்த புத்தகசாலைக்குப் போனார். அங்கிருந்த அந்த நாடகப் பிரதியில், இதை எழுதியவர் மெர்சி வாரனே என்று தம் கையால் எழுதி வைத்தார். அவர் நெஞ்சில் வருத்தம் இருந்தது. ஆனால் சாட்சியத்தில் வஞ்சனை செய்யவில்லை. சில வாரங்களில், 1814 அக்டோபர் 19ஆம் தேதி, மெர்சி வாரன் மறைந்தார். பிளிமத்தில் குன்றின்மேல் உள்ள இடுகாட்டில் கணவரோடு அவரும் துயில்கிறார். அவர் பிறந்த பார்ன்ஸ்டபிள் ஊரின் நீதிமன்றத்தின் முன்னால் 2001ஆம் ஆண்டில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

அவர் போற்றிய அந்த விடுதலையில் குறையும் இருந்தது. அமெரிக்கா முழுவதும் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1865இல்தான். பெண்களுக்கு நாடு தழுவிய வாக்குரிமை கிடைத்தது 1920இல். அதாவது, அந்த நாட்டின் வரலாற்றை எழுதிய மெர்சிக்கு அந்த நாட்டில் ஒரு வாக்குப் போடக்கூட உரிமை இருந்ததில்லை.

நேயர்களே, சரித்திரம் எழுதுவது யார் வேலை? பட்டம் பெற்றவர்கள் எழுதட்டும், அது வேண்டியதுதான். ஆனால் வீட்டில் இருந்தபடி பார்த்தவர், கேட்டவர், கடிதத்தைக் கிழித்தெறியாமல் பெட்டியில் வைத்தவர் இல்லையென்றால் பட்டம் பெற்றவர்கள் எதைக்கொண்டு எழுதுவார்கள்?

நம் பக்கத்தை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். ஜப்பானியர் காலத்தில், 1942க்கும் 1945க்கும் இடையில், சயாமுக்கு ரயில் பாதை போட நம் தோட்டங்களிலிருந்து கூட்டங்கூட்டமாக ஆட்களைக் கொண்டுபோனார்கள். போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. வெள்ளைக்காரப் போர்க் கைதிகள் நாட்குறிப்பு எழுதினார்கள். அதனால் அவர்களைப் பற்றி நூல்கள் வந்தன. நம் ஆட்களைப் பற்றிய குறிப்போ மிகக் கொஞ்சம். அவர்களுக்காகக் காத்திருந்த மனைவிமாருக்குத் தேதி தெரியும். லாரி வந்து நின்ற இடம் தெரியும். கூடப் போனவர்களின் பெயர் தெரியும். எழுதித்தான் வைக்கவில்லை. எழுதும்படி அவர்களிடம் சொன்னவரும் இல்லை.

உங்கள் வீட்டில் பாட்டியோ பெரியம்மாவோ இருந்தால் இன்றே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஆண்டு, எந்தத் தோட்டம், எத்தனையாம் நம்பர் லயம், பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்ட கிராணி யார், அன்று கைக்கு வந்த சம்பளம் எவ்வளவு என்று கேட்டு, பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்றில் தேதியோடு எழுதி வையுங்கள். பெண்பிள்ளை எழுதினால் இன்னும் நல்லது. அண்ணன் விட்ட இடத்தில் உட்கார்ந்து படித்த ஒரு பெண்ணின் குறிப்புகளால்தான் ஒரு நாட்டின் பிறப்பைப் பற்றி இன்று நமக்குச் சில செய்திகளாவது தெரிகின்றன.